1806ல் பறித்த ஒரு பால்செடியின் கேஸ் ஷீட்

மக்களே, இன்னைக்கு நீளமான இழை. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. ஒரு காய்ந்த செடியோட வரலாறு. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் இயற்கை அறிவியல் அகாடமி என்று ஒரு பழைய நிறுவனம் இருக்கு. 1812ல் தொடங்கியது. அங்கே ஹெர்பேரியம் ஒன்று உண்டு. ஹெர்பேரியம்னா செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் பறித்தது என்ற குறிப்போடு அடுக்கி வைக்கும் இடம். அந்தத் தாள்களில் ஒன்றில் இருக்கும் செடி, 1806 ஜூலை 28 அன்று யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் பறிக்கப்பட்டது. இன்றைக்கு அந்த இடம் மொன்டானா மாநிலம்.

செடியின் பெயர் யூஃபோர்பியா மார்ஜினேட்டா. உச்சி இலைகளின் ஓரம் முழுக்க வெள்ளைக் கரை போட்ட மாதிரி இருக்கும். அதனால அந்த ஊர்க்காரங்க "மலை மேல் பனி" என்ற அர்த்தத்தில் ஒரு பேர் வச்சிருக்காங்க. முள் கிடையாது. தண்டை ஒடிச்சா பால் வரும். பாலைப் பார்த்ததும் நமக்குத் தெரிஞ்சிடும், இது நம்ம கள்ளி வகையறா. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, வீட்டு வாசலில் தானா முளைக்கும் அம்மான் பச்சரிசி எல்லாமே இதே யூஃபோர்பியா பேரினம்தான். (கள்ளிப்பால் என்ற சொல் நம்ம ஊரில் எதை நினைவுபடுத்தும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.)

இது ஒரு கோடைக்காலம் மட்டும் வாழும் செடி. முளைத்து, பூத்து, விதை போட்டு, அதே வருஷம் செத்துப்போகும். அப்படிப்பட்ட செடி இரண்டு நூற்றாண்டு தாண்டி ஒரு தாளில் இருக்கு. அது எப்படித் தப்பிச்சதுன்னு சொல்லத்தான் இந்த இழை.

முதலில் ஒரு சின்ன டாக்டர் பெருமை. யூஃபோர்பியா என்ற பெயரே ஒரு டாக்டருடையது. வட ஆப்பிரிக்காவில் மௌரித்தானியாவை ஆண்ட இரண்டாம் ஜுபா மன்னனின் மருத்துவர் பெயர் யூஃபோர்பஸ். அட்லஸ் மலையில் கிடைத்த ஒரு பால்செடிக்கு மன்னன் தன் டாக்டர் பெயரை வச்சான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வச்சிருக்கார். ஆங்கிலத்தில் இந்தச் செடிகளுக்குப் பொதுப்பெயர் "ஸ்பர்ஜ்". அந்தச் சொல் வந்தது பேதியாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து. காலம் காலமாக இதன் பாலையும் வேரையும் வயிற்றைக் கழுவத்தான் கொடுத்தாங்க. யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. குடலை எரிக்கும் சமாச்சாரம்.

சரி, 1803க்கு வருவோம். அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன், மேற்கே பசிபிக் கடல் வரை ஒரு பயணக்குழுவை அனுப்ப முடிவு பண்றார். தலைவர் மெரிவெதர் லூயிஸ், கூட வில்லியம் கிளார்க். குழுவில் டாக்டர் கிடையாது. அதனால லூயிஸை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி ஒரு கிராஷ் கோர்ஸ் கொடுக்கிறாங்க. மருத்துவம் சொல்லிக் கொடுத்தது அன்றைய பிரபல டாக்டர் பெஞ்சமின் ரஷ். தாவரவியல் சொல்லிக் கொடுத்தது பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டன், அவரும் மருத்துவப் பேராசிரியர்தான். அந்தக் காலத்தில் மருந்து என்றாலே செடி. செடி தெரியாதவன் டாக்டர் இல்லை.

டாக்டர் ரஷ் கொடுத்தனுப்பிய மருந்தில் முக்கியமானது அவர் பெயரிலேயே இருந்த பேதி மாத்திரை. பாதரச உப்பும் ஜாலப் என்ற கிழங்கும் சேர்ந்தது. 50 டஜன் வாங்கிப் போனாங்க. எல்லா வியாதிக்கும் அதேதான். பல வருஷம் கழித்து, 2002ல், மொன்டானாவில் அந்தக் குழு தங்கிய டிராவலர்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் தொல்லியலாளர்கள் தோண்டினப்போ, பழைய கழிப்பறைக் குழி மண்ணில் பாதரசம் கிடைச்சுது. குழு தங்கிய இடம் அதுதான் என்பதற்கு அது ஒரு முக்கிய ஆதாரம். பேதி மாத்திரை வரலாற்று ஆதாரமா மாறினது அநேகமா அங்கே மட்டும்தான்.

இப்போ செடிக்கு வருவோம். குழு 1804ல் கிளம்புது. வழியெல்லாம் லூயிஸ் செடி பறிச்சு அழுத்தி வைக்கிறார். கேட்க எளிமையா இருக்கும். மழை, ஆறு, படகு, குதிரை, கரடி நடுவுல காகிதத்துக்குள்ள செடியைக் காயவைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. ஈரம் பட்டால் பூஞ்சை. காய்ந்தால் பூச்சி. 1805ல் மிசௌரி ஆற்றின் பெரிய அருவிகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் செடிகளைக் குழி தோண்டிப் பத்திரமாப் புதைச்சு வச்சுட்டு மேற்கே போனார். அடுத்த வருஷம் ஜூலையில் திரும்பி வந்து தோண்டினா, ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்து அங்கே வைத்த செடி அத்தனையும் நாசம். ஒரு பருவத்து வேலை போச்சு.

நாம பேசுற வெள்ளைக்கரைச் செடி பறிக்கப்பட்டது, அந்தக் குழியைத் திறந்த அதே மாசத்தில். இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி வருது.

இந்தச் செடியை 1814ல் உலகத்துக்கு அறிவிச்ச புத்தகம் அதை லூயிஸ் கணக்கில் எழுதியது. ஆனால் தாளில் உள்ள தேதி ஜூலை 28. இடம் யெல்லோஸ்டோன். அந்தத் தேதியில் லூயிஸ் எங்கே இருந்தார் தெரியுமா? திரும்பும் வழியில் ஜூலை 3 அன்றே குழு இரண்டாகப் பிரிஞ்சாச்சு. லூயிஸ் வடக்கே மரையாஸ் ஆற்றுப் பக்கம் போனார். ஜூலை 27 காலையில் பிளாக்ஃபீட் பழங்குடி இளைஞர்களோடு மோதல், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. அங்கிருந்து குதிரையில் ராத்திரியெல்லாம் தப்பி ஓடி, 28ஆம் தேதி மிசௌரி ஆற்றில் தன் படகுக்காரர்களைப் பிடிச்சார். செடி பறிக்கிற மனநிலையில் இருந்திருக்க மாட்டார். யெல்லோஸ்டோனில் படகு விட்டுக்கொண்டிருந்தது கிளார்க். ரெண்டு பேரும் மறுபடி சந்தித்தது ஆகஸ்ட் 12.

அப்போ பறிச்சது கிளார்க் குழு. இதைச் சொல்றது யாரோட நினைவுக் குறிப்பும் இல்லை. ஒரு தேதி, ஒரு இடப்பெயர். அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். கேஸ் ஷீட்டில் யார் பெயர் பெரிசா இருக்கு என்பதை விட, தேதியும் நேரமும் ஒழுங்கா எழுதியிருக்கா என்பதுதான் பின்னாடி உண்மையைச் சொல்லும். தேதி போடாத கேஸ் ஷீட் பழைய பேப்பர் கடைக்குத்தான் லாயக்கு. தேதியும் இடமும் இல்லாத செடித்தாளும் அப்படித்தான்.

இன்னொண்ணு. "கண்டுபிடித்தார்" என்று நான் எங்கேயும் எழுதலை, கவனிச்சிருப்பீங்க. யெல்லோஸ்டோன் கரை குரோ பழங்குடி மக்களின் நிலம். அந்தச் செடியைத் தலைமுறை தலைமுறையாப் பார்த்தவங்க அவங்க. கிளார்க் செய்தது ஆவணப்படுத்தல் மட்டும்தான்.

பயணம் முடிந்தபின் நடந்தது இன்னும் பெரிய கூத்து. செடிகளைப் பற்றி எழுத வேண்டிய டாக்டர் பார்ட்டன் எழுதவே இல்லை. வேலைப்பளு, உடல்நலக் குறைவு. 1815ல் இறந்துட்டார். இடையில் ஃப்ரெடரிக் புர்ஷ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரிடம் வேலையைக் கொடுத்தார் லூயிஸ். 1809ல் லூயிஸே டென்னசியில் ஒரு வழிப்போக்கர் விடுதியில் துப்பாக்கிக் காயத்தோடு இறந்துபோறார். புர்ஷ் சில செடிகளை எடுத்துக்கிட்டு லண்டன் போய்ட்டார். அங்கே லாம்பர்ட் என்ற பணக்காரச் சேகரிப்பாளரின் வீட்டில் உட்கார்ந்து எழுதிய புத்தகம்தான் வட அமெரிக்கத் தாவரங்கள் பற்றிய அந்த 1814 நூல். நம்ம செடிக்கு மார்ஜினேட்டா, அதாவது கரை போட்டது, என்று பேர் வந்தது அதில்தான். பேர் வச்ச புர்ஷ் 1820ல் மான்ட்ரியாலில் வறுமையில் செத்தார்.

லாம்பர்ட் 1842ல் இறந்ததும் அவர் சேகரிப்பு ஏலத்துக்கு வந்துது. எட்வர்ட் டக்கர்மன் என்ற இளம் அமெரிக்கர் லூயிஸ் செடிகள் அடங்கிய கட்டை ஏலத்தில் எடுத்து, பிறகு 1856ல் ஃபிலடெல்ஃபியா அகாடமிக்குக் கொடுத்தார். அவர் அன்று ஏல அறையில் இல்லாமல் போயிருந்தால்? சரி, லண்டன் போகாத மீதிச் செடிகள்? அவை ஃபிலடெல்ஃபியாவிலேயே இன்னொரு கட்டிடத்தில், அமெரிக்கத் தத்துவக் கழகத்தில், யாரும் பார்க்காமல் தூசி படிஞ்சு கிடந்தது. 1896ல் தாமஸ் மீஹன் என்ற தாவரவியலாளர் தேடிக் கண்டெடுத்தார். சிலதைப் பூச்சி தின்னு தீர்த்திருந்துது. இரண்டு கட்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர 90 வருஷம் ஆச்சு. இன்னைக்கு அகாடமியில் 220க்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கு.

இதற்கிடையில் அந்தச் செடிகள் நின்ற நிலத்துக்கு என்ன ஆச்சு?

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுவில் பரந்து கிடந்த புல்வெளி. மேற்கே மொன்டானா பக்கம் புல் குட்டை. கிழக்கே கன்சாஸ், அயோவா பக்கம் வர வர ஆளுயரப் புல். மார்ஜினேட்டா மொன்டானாவிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை வளரும். ஆளுயரப் புல்வெளி மட்டும் ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. 1837ல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை இரும்புக் கலப்பையில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்திய கறுப்பு மண் அதில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அதன்பின் இரண்டு மூன்று தலைமுறைக்குள் புல்வெளி சோளக்காடு ஆயிடுச்சு. இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கன்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில். காரணம் யாருடைய கருணையும் இல்லை. மண்ணுக்கு அடியில் கல். கலப்பை இறங்கலை. அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தில் 1996ல் சுமார் 10,900 ஏக்கரைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிச்சாங்க. அதே மலைத்தொடரில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி நடத்தும் கான்சா பிரெய்ரி சுமார் 3,500 ஹெக்டேர். இங்கெல்லாம் நினைச்சா போய்ப் பூப்பறிக்க முடியாது. தேசியப் பூங்காத் துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு செடியைப் பிடுங்கினால் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சியாளர் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கணும். பறித்த செடியும் அவருக்குச் சொந்தமில்லை. எந்த ஹெர்பேரியத்தில் இருந்தாலும் அது அரசுச் சொத்து. அனுமதி இருந்தாலும் சேகரிப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. 20 செடி நின்றால்தான் 1 செடி. குறைவாக இருந்தால் போட்டோ எடுத்துட்டு நடையைக் கட்டணும்.

இப்போ நீங்க கேட்பீங்க. காப்பாத்த வேண்டிய இடத்தில் எதுக்குப் பறிக்கணும்? அதுவும் மார்ஜினேட்டா மாதிரி, மாடு மேய்ந்து வெறுமையான மண்ணிலும் சாலையோரத்திலும் சாதாரணமா வளரும் செடியை? போட்டோ போதாதா?

நியாயமான கேள்வி. பதில் இதே குடும்பத்தில் இன்னொரு செடியில் இருக்கு. "இலை ஸ்பர்ஜ்" என்று அழைக்கிற ஒரு ஐரோப்பிய, ஆசியச் செடி. அமெரிக்காவில் இதன் முதல் தாள் 1827ல் மாசசூசெட்ஸின் நியூபரி ஊரில் பறித்தது. கிழக்குக் கடற்கரை. பிரெய்ரியிலிருந்து வெகுதூரம். அன்று அதைப் பறிச்சவருக்கு அது ஒரு புது விருந்தாளி, அவ்வளவே. பிறகு 1800களின் கடைசியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தானிய விதையோடு கலந்து பிரெய்ரிக்குள்ளேயே நேரடியா வந்துது. வேர் 15 அடிக்கும் கீழே போகும். காய் வெடிச்சு விதையை 15 அடி தூரம் எறியும். பால் காரணமா மாடு வாய் வைக்காது. மாடு மற்ற புல்லைத் தின்னத் தின்ன, இது மட்டும் பரவும். வடக்கு டகோட்டாவில் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில் ஆயிரக்கணக்கான ஏக்கரை இது பிடிச்சுது. கடைசியில் இதன் வேரையும் இலையையும் மட்டும் தின்னும் குட்டி வண்டுகளை ஐரோப்பாவிலிருந்து தேடிக் கொண்டுவந்து விட வேண்டியதாப் போச்சு.

இது எப்போ வந்தது, எந்த வழியா வந்தது, ஒரு தடவையா பல தடவையா என்று எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பல ஊர் ஹெர்பேரியத் தாள்களைத் தேதிவாரியா அடுக்கித்தான். காலரா பரவலைத் தெருத்தெருவா மேப் போட்ட மாதிரி. 1827ல் எவரோ ஒருத்தர் "இது என்ன களைதானே" என்று விட்டுட்டுப் போயிருந்தால் நோயின் முதல் கேஸே பதிவில் இருக்காது.

இன்னொரு விஷயம், இது டாக்டர்களுக்கு வலிக்கும். நூறு வருஷத்துக்கும் மேலா அந்தக் களைக்கு யூஃபோர்பியா ஈசுலா என்று லேபிள் எழுதினாங்க. சமீபத்தில் நிபுணர்கள் தாள்களை மறுபடி எடுத்து இலை வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்துட்டு, பிரெய்ரியைப் பிடிச்ச களை பெரும்பாலும் ஈசுலா இல்லை, விர்காட்டா என்ற வேறு இனம் என்று சொன்னாங்க. வட அமெரிக்கத் தாவரக் களஞ்சியத்தின் 2016 தொகுதியில் அப்படித்தான் இருக்கு. தப்பான டயக்னோசிஸ், ஆனால் திருத்த முடிஞ்சுது. ஏன்? நோயாளியே தாளில் இருந்தார். போட்டோவில் இது நடக்காது. இந்தக் குடும்பத்தில் பூ என்று நாம பார்க்கிறது உண்மையில் பூ இல்லை. ஒரு குட்டிக் கிண்ணம், நடுவில் ஒரு பெண் பூ, சுற்றி பல ஆண் பூக்கள். அதைப் பிரிச்சு லென்ஸில் பார்க்கணும். பல இனங்களில் விதையைப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

1800களில் இப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தர் டாக்டர் ஜார்ஜ் எங்கெல்மன். ஜெர்மனியில் படித்து 1830களில் செயின்ட் லூயிஸ் நகரில் கிளினிக் போட்டவர். பகலில் நோயாளிகள். மிச்ச நேரத்தில் டெக்சாஸ், மெக்சிகோ எல்லையிலிருந்து மற்றவர்கள் பறித்து அனுப்பிய கள்ளிகளும் ஸ்பர்ஜுகளும். 1859ல் வெளியான எல்லைச் சர்வே அறிக்கையில் இந்தக் குடும்பத்துச் செடிகளை விவரிச்சது அவர்தான். நைட் டியூட்டி முடிச்சுட்டு ரீல்ஸ் பார்க்கிற நம்ம தலைமுறைக்கு இவரைப் பார்த்தா கொஞ்சம் கூச்சமா இருக்கும். எனக்கு இருக்கு.

ஸ்பர்ஜைத் தாளாக்குவது சும்மா இல்லை. வெட்டினதும் பால் கொட்டும். நாளிதழ் தாளோடு ஒட்டிக்கும். கையுறை போட்டு, பால் வடியவிட்டு, காய் தெரியும்படி ஒரு கிளையைத் திருப்பி வச்சு, உறிஞ்சு தாள், அட்டை, மரச்சட்டம் என்று அடுக்கி வாரால் இறுக்கிக் கட்டணும். காற்றோட்டமும் லேசான சூடும் வேணும். காய்ந்தபின் பூச்சி சாக சில நாள் உறைபனிப் பெட்டியில். பிறகுதான் ஒட்டுவது. லேபிளில் இடம், தேதி, மண், பக்கத்தில் நின்ற செடிகள், காய்ந்தால் மாறிப்போகும் நிறம் எல்லாம் எழுதணும். பால் பட்ட கையோட கண்ணைக் கசக்கிடக் கூடாது. கருவிழி புண்ணாகும். நம்ம ஊர் கள்ளிக்கும் இதேதான்: பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிஷமாவது விடாமல் கழுவி, அன்றே கண் டாக்டரைப் பாருங்க. தாய்ப்பால், எண்ணெய் எதுவும் ஊற்றாதீங்க.

இந்தத் தாள்களைப் பறிச்சவங்க கனவில்கூட நினைக்காத வேலைக்கெல்லாம் அவை இன்று பயன்படுது. 1987ல் வுட்வர்ட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 200 வருஷத் தாள்களில் இருந்த மர இலைகளின் சுவாசத் துளைகளை எண்ணினார். சுமார் 40 சதவீதம் குறைஞ்சிருந்தது. காற்றில் கரியமில வாயு கூடினதுக்கு இலைகளே சாட்சி. பழைய தாள்களில் இருந்து டிஎன்ஏவும் எடுக்கிறாங்க.

இவ்வளவுக்கும் அப்புறம், 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தன் ஹெர்பேரியத்தை மூடப் போவதாக அறிவிச்சுது. சுமார் 8,25,000 தாள்கள். பணம் இல்லாத பல்கலைக்கழகம் இல்லை அது. இடமும் செலவும் கட்டுப்படியாகலையாம். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமைக் காலி பண்ணி வேற ஏதாவது வைக்கலாம்னு மீட்டிங்கில் யாராவது சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்தச் செய்தியைப் படிச்சப்போவும் அப்படித்தான் இருந்துது. 1896ல் மீஹன் தூசி தட்டி எடுத்தார்னா, அதற்கு முன்னாடி அந்தக் கட்டை யாரும் வெளியே எறியாமல் விட்டிருந்தாங்க என்பதுதான் காரணம்.

லூயிஸ், கிளார்க் தாள்களை அகாடமி படமெடுத்து வச்சிருக்கு. நெட்டில் தேடினால் கிடைக்கும். மார்ஜினேட்டா தாளைத் திறந்தீங்கன்னா, செடியை விட முதலில் லேபிளைப் பாருங்க. ஜூலை 28, 1806. அன்று லூயிஸ் எங்கே இருந்தார்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.